இளம்பருவ வலிப்பும் குடிவழியும்

சென்ற திங்கள் நம் மன்றத்தின் மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, முதலாண்டு மாணவர் ஒருவர் என் அருகில் வந்து நின்றார். நெல்லைச் சீமையினர். ஏதோ கேட்க நினைப்பதும் பின் தயங்குவதுமாக இருந்தார். விடுதிக்குச் சேர்ந்து நடந்த வழியில்தான் வாய் திறந்தார்.

"அண்ணே, நீங்க உயிரியல்தானே படிக்கிறீங்க? ஒண்ணு கேக்கணும். காக்காய் வலிப்பு வம்சத்துல வருமா?"

கேள்வியின் பின்னே ஒரு கதை இருந்தது. அவர் தமக்கையின் மகனுக்கு ஏழு வயது. ஒருநாள் விடியற்காலை, தந்தைவழிப் பாட்டியின் அருகே படுத்திருந்த சிறுவன் திடீரென எழுந்து உட்கார்ந்தான். வாய் ஒருபுறம் கோணி வெட்டி வெட்டி இழுத்தது. எச்சில் வழிந்தது. பேச முயன்றான், சொல் வரவில்லை. கண்கள் மட்டும் பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிற்று. ஒரு மாதம் கழித்து, அதே விடியற்காலை நேரத்தில், அதே போல் இன்னொரு முறை.

மருத்துவர் மூளையின் மின்வரைவை எடுத்துப் பார்த்து, "இது பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு, வயது ஏற ஏறப் போய்விடும்" என்று தேற்றினார். ஆயினும், "குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா?" என்று அவர் வழக்கம்போல் கேட்ட ஒரு கேள்வி, வீட்டிற்குள் தீயாய்ப் பற்றிக்கொண்டது. "எங்கள் குடியில் இல்லாத நோய், வந்தவள் கொண்டுவந்தது" என்றார் பாட்டி. தமக்கை வாயடைத்துப் போனாள். அதே நேரத்தில் நம் மாணவரின் தங்கைக்கு மணம் பேசி வருகிறார்கள். செய்தி மணமகன் வீட்டார் காதுக்கு எட்டினால் என்னாகும்? இதுவே அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

அன்றிரவு நான் சொன்ன விடை அரைகுறையானது. பின்னர் நூலகத்தில் தேடிப் படித்ததை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். நான் மருத்துவன் அல்லன்; உயிரியல் பயிலும் ஆய்வு மாணவன். ஆதலின் இது மருத்துவ அறிவுரை அன்று, பாடம்.

வலிப்பு என்பது யாது?

நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை மின் துடிப்புகளாலும் வேதிப் பொருள்களாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வாரச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தத்தம் பேச்சைத் தம் அருகில் இருப்பவரோடு பேசுகிறார்கள். கேட்பதற்கு இரைச்சலே ஆயினும் வணிகம் நடக்கிறது. அங்கே ஒரு மூலையில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே நொடியில் ஒரே சொல்லைக் கூவத் தொடங்கினால்? அந்த மூலையில் வணிகம் நின்றுபோகும். மூளையில் நிகழும் அத்தகைய கூட்டுக் கூவலே வலிப்பு. பேயும் அன்று, தெய்வக் குற்றமும் அன்று. மூளையின் சாம்பற்பகுதியில் அவ்வப்போது திடீரென நேரும் மின் பாய்ச்சலே இது என்று ஆங்கில மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1873-இலேயே கூறிவிட்டார்.

வலிப்பு ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. காய்ச்சல் எங்ஙனம் பல காரணங்களால் வருகிறதோ, அங்ஙனமே வலிப்பும் பல காரணங்களால் வருகிறது. தலையில் பட்ட அடி, பிறப்பின்போது மூச்சுத்திணறல், மூளைக் காய்ச்சல், கட்டி, மரபணுக் கோளாறு எனக் காரணங்கள் பல. நம் நாட்டில் பன்றி நாடாப்புழுவின் நுண்பைகள் மூளையில் தங்குவதும் ஒரு முக்கியக் காரணம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் இதனை ஆராய்ந்து உலகறியச் செய்தவர்களுள் முன்னிற்பவர். ஆகவே, "வலிப்பு குடிவழி நோயா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதற்கு விடையே இல்லை. எந்த வலிப்பு என்று முதலில் கேட்க வேண்டும்.

ரோலண்டோவின் பள்ளம்

நம் சிறுவனுக்கு வந்ததன் பெயர் ரோலண்டிக் வலிப்பு. குழந்தைப் பருவ வலிப்பு வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவனவற்றுள் இஃது ஒன்று. மூளையின் இருபுறத்திலும் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் ஒரு பள்ளம் உண்டு. 1773 முதல் 1831 வரை வாழ்ந்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர் லூயிஜி ரோலண்டோவின் பெயரால் அது வழங்குகிறது. பள்ளத்தின் முன்கரை உடல் தசைகளை இயக்குகிறது. பின்கரை தொடு உணர்வைப் பெறுகிறது.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டுத் தொட்டு, எவ்விடம் எவ்வுறுப்புக்கு உரியது என்று வரைபடம் வகுத்தார். 1937-இல் போல்ட்ரியுடன் சேர்ந்து அதனை வெளியிட்டார். அவ்வரைபடத்தில் ஒரு வியப்பு. முதுகு முழுமைக்கும் கிடைத்த இடம் சிறிது. உதடு, நாக்கு, முகம், கைவிரல் இவற்றுக்குக் கிடைத்த இடமோ மிகப் பெரிது. நுட்பமாக இயங்க வேண்டிய உறுப்புக்கே மூளையில் பெருநிலம். முகமும் நாக்கும் பள்ளத்தின் கீழ்ப்பகுதியில் அமைந்துள்ளன.

இப்பொழுது சிறுவனின் நிலையை மீண்டும் பார்ப்போம். மின்புயல் எழுவது அந்தக் கீழ்ப்பகுதியில். ஆதலின் நாக்கும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் மரத்துப் போகின்றன, முகம் ஒருபுறம் வெட்டி இழுக்கிறது, எச்சில் வழிகிறது, நாவும் தொண்டையும் கட்டுப்படாமையால் பேச்சு நின்றுவிடுகிறது. புயல் அவ்விடத்தோடு நிற்கும் வரையில் நினைவு தப்புவதில்லை. பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்த கண்களின் பொருள் இதுதான். நடப்பதனைத்தையும் அவன் அறிந்திருந்தான். சொல்ல மட்டும் முடியவில்லை. சில வேளைகளில், குறிப்பாக உறக்கத்தில், புயல் இருபுறமும் பரவி உடல் முழுதும் வெட்டுவதும் உண்டு.

இந்நோய்க்கு மூன்று அடையாளங்கள். ஒன்று, வயது. பெரும்பாலும் மூன்றுக்கும் பதினான்குக்கும் இடையில் தொடங்குகிறது. ஏழு வயதை ஒட்டியே மிகுதி. இரண்டு, நேரம். உறங்கும்போதோ, உறக்கத்திலிருந்து விழிக்கும்போதோதான் மிகப் பலர்க்கு வருகிறது. மூன்று, முடிவு. பதினாறு வயதிற்குள் ஏறத்தாழ அனைவர்க்கும் நின்றுவிடுகிறது. பலருக்கு வாழ்நாளில் ஒன்றிரண்டு முறைக்கு மேல் வருவதே இல்லை.

மின்வரைவு காட்டிய முட்கள்

செர்மனியில் யேனா நகரத்து மருத்துவர் ஹன்ஸ் பெர்கர், 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை மண்டையின் மேலிருந்தே பதிவு செய்தார். 1929-இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அக்கருவி வலிப்பு ஆராய்ச்சியையே புரட்டிப் போட்டது. 1958-இல் பிரெஞ்சு மருத்துவர்களான நேராக், போசார் இருவரும் 21 நோயாளிகளின் மின்வரைவுகளை ஆராய்ந்து, ரோலண்டோ பள்ளத்தின் பகுதியில் தனித்தன்மையுடைய கூர்முனைகள் தோன்றுவதை விளக்கினர். அமைதியாக ஓடும் அலைக்கோட்டில் கருவேல முள்போல் அவை நீட்டிக்கொண்டு நிற்கும். உறக்கம் வந்தால் முட்கள் பெருகும், விழித்தால் குறையும். ஆகையால்தான் மருத்துவர்கள் குழந்தையை உறங்கவைத்தும் மின்வரைவு எடுக்கின்றனர்.

இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையின் ஆணிவேர் அதுவே. முள் இருப்பவர் அனைவர்க்கும் வலிப்பு வருவதில்லை. இத்தாலியில் காவாஸ்ஸூட்டி குழுவினர், ஆறு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள 3,726 நலமான பள்ளிப் பிள்ளைகளுக்கு மின்வரைவு எடுத்து, 1980-இல் முடிவுகளை வெளியிட்டனர். 131 பேரிடம், அஃதாவது நூற்றுக்கு மூன்றரைப் பேரிடம், ஏதோ ஒரு வகை வலிப்பலை காணப்பட்டது. அவர்கள் ஓடியாடித் திரிந்த பிள்ளைகள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் பின்னரும் வலிப்பு வரவில்லை. முள் வேறு, வலிப்பு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் குடிவழி பற்றிப் பேசினால் குழப்பமே மிஞ்சும்.

குடும்பங்களைத் துருவியவர்கள்

இனி நம் வினாவிற்கு வருவோம். 1964-இல் அமெரிக்காவில் பிரே, வைசர் இருவரும், இத்தகைய முட்கள் உடைய பிள்ளைகளின் உறவினரையும் ஆராய்ந்து, இவ்வியல்பு குடும்பத்தில் தொடர்கிறது என்பதற்குச் சான்று காட்டினர். 1975-இல் சுவீடன் நாட்டின் ஹைபெல், புளோம், ரஸ்முசன் மூவரும் நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் ஆராய்ந்தனர். உடன்பிறந்தாருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் முட்கள் இருந்தன. அவர்களுள்ளும் பாதிக்கு மேற்பட்டோர்க்கு வலிப்பு வந்ததே இல்லை.

இதற்கு அவர்கள் தந்த விளக்கம் இது. நம் உயிரணு ஒவ்வொன்றிலும் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. இணையில் ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. ஆகவே ஒவ்வொரு மரபணுவுக்கும் பொதுவாக இரு படிகள் உண்டு. சில இயல்புகள் வெளிப்பட ஒரு படி மாறியிருந்தாலே போதும். இதனை ஓங்கு மரபு என்பர். அப்படியாயின் பெற்றோர் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு அது சேரும் வாய்ப்பு சரிபாதி. முட்கள் ஓங்கு மரபாக வருகின்றன. ஆனால் குறிப்பிட்ட வயதில் மட்டுமே வெளிப்பட்டுப் பின் மறைந்துவிடுகின்றன என்று அவர்கள் கருதினர். வயது வந்த பெற்றோரிடம் முட்களைத் தேடினால் கிடைக்காததற்கும் இது விளக்கமாயிற்று.

கணக்கு நேராகத் தோன்றியது. பாடநூல்களும் அவ்வாறே எழுதின. ஆனால் குடும்பத்தில் தொடர்வது எல்லாம் மரபணுவால் வருவதாகாது. வெற்றிலை போடும் பழக்கமும் குடும்பத்தில் தொடர்கிறதன்றோ? மேலும் ஆராயப்பட்ட குடும்பங்கள் சிலவே. உறுதியான ஓர் உரைகல் வேண்டியிருந்தது.

இரட்டையர் என்னும் உரைகல்

அவ்வுரைகல் இயற்கையே தந்தது. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர் ஒத்த இரட்டையர். அவர்கள் பெற்ற மரபணுத் தொகுதி ஒன்றே. இரு கருக்கள் ஒரே வயிற்றில் வளர்ந்து பிறப்பவர் ஒவ்வா இரட்டையர். அவர்களுக்குள் ஒப்புமை சாதாரண உடன்பிறந்தார் அளவே. ஒரு நோய் மரபணுவால் மட்டுமே வருமாயின், ஒத்த இரட்டையரில் ஒருவர்க்கு வந்தால் மற்றவர்க்கும் வந்தே தீரவேண்டும்.

வட்லமூடி முதலிய பல நாட்டு ஆய்வாளர் கூடி, 2006-இல் இதனை வெளியிட்டனர். வலிப்பு உறுதி செய்யப்பட்ட 1,952 இரட்டைச் சோடிகளைத் துருவி, மாதிரி பிறழாத ரோலண்டிக் வலிப்பு ஒருவர்க்கேனும் இருந்த 18 சோடிகளைத் தேர்ந்தனர். பத்துச் சோடிகள் ஒத்தவை, எட்டு ஒவ்வாதவை. எத்தனை சோடிகளில் இருவர்க்கும் நோய் இருந்தது? ஒன்றில்கூட இல்லை.

ஒரே மரபணுத் தொகுதியைப் பெற்றுப் பிறந்த பத்துச் சோடிகளிலும் ஒருவர்க்கு வலிப்பு, மற்றவர்க்கு இல்லை! பதினெட்டு என்பது சிறிய எண்தான். ஆயினும், பெற்ற மரபணு ஒன்றே விதி என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. கருவிலும் அதன் பின்னும் மூளை வளரும் விதம், பிறப்பின்பின் சூழல், கருவான பின் ஏதோ ஓர் உயிரணுவில் நேரும் தற்செயல் மாற்றம் இவற்றுள் ஒன்றோ பலவோ உடன் சேர வேண்டும்.

அப்படியானால் முந்தைய குடும்ப ஆய்வுகள் பொய்யா? அல்ல. அவை முக்கியமாக முட்களைப் பற்றிப் பேசின. இரட்டையர் ஆய்வு வலிப்பைப் பற்றிப் பேசிற்று. முட்களில் மரபின் பங்கு மிகுதி; முள் வலிப்பாக மாறுவதில் மரபுக்கு அப்பாற்பட்டவற்றின் பங்கும் உண்டு என்று கொள்வதே இரண்டையும் பொருத்திக் காட்டுகிறது.

மரபணுக்களைத் தேடிய கதை

குரோமோசோம்களில் எவ்விடம் பொறுப்பு என்ற தேடலும் இணையாக நடந்தது. 1998-இல் நாய்பவர் குழுவினர் 15-ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தைச் சுட்டினர். 2009-இல் ஸ்ட்ரக், பால் முதலியோர் முட்களுக்கும் 11-ஆம் குரோமோசோமில் உள்ள இ.எல்.பி. 4 என்னும் மரபணுவின் பகுதிக்கும் தொடர்பு கண்டனர். 2013-இல் ஒரே நேரத்தில் மூன்று குழுக்கள் மூன்று கட்டுரைகளை வெளியிட்டன. மூன்றும் சுட்டியது ஒரே மரபணுவை. அதன் பெயர் கிரின் 2 ஏ. இருப்பது 16-ஆம் குரோமோசோமில்.

அதன் வேலை என்ன? நரம்பணுக்கள் குளூட்டமேட் என்னும் வேதிப் பொருளைத் தூதனுப்பி ஒன்றையொன்று தூண்டுகின்றன. தூதைப் பெறும் வாயில்களுள் ஒன்று என்.எம்.டி.ஏ. ஏற்பி. அவ்வாயிலின் ஒரு பகுதியைக் கட்டும் குறிப்பே கிரின் 2 ஏ. குறிப்பில் பிழை இருந்தால் வாயில் சரிவர அமையாது. சிலரிடம் மிகையாய்த் திறக்கும், சிலரிடம் போதாமல் திறக்கும். இரண்டுமே தூண்டலின் சமநிலையைக் கெடுக்கும்.

அக்கட்டுரைகளுள் லெம்கே குழுவினருடையது தரும் கணக்கைக் காண்க. ரோலண்டிக் வலிப்பு உடைய 245 பேரில் 12 பேரிடம் இம்மரபணுவில் மாற்றம் இருந்தது. நூற்றுக்கு ஐவர்! எஞ்சிய தொண்ணூற்றைந்து பேரிடம் இல்லை. உறக்கம் முழுதும் முட்கள் இடைவிடாது எழுந்து, பேச்சையும் அறிவு வளர்ச்சியையும் தாக்கும் கடுமையான உறவு நோயொன்று உண்டு. அதனை உடைய 51 பேரில் 9 பேரிடம் மாற்றம் இருந்தது. ஆக, நோய் கடுமையாக இருக்குமிடத்தில் தனியொரு மரபணுவின் கை ஓங்குகிறது; மென்மையாக இருக்குமிடத்தில் தளர்கிறது. 2014-இல் 16-ஆம் குரோமோசோமின் ஒரு சிறு துண்டு இரட்டித்திருப்பதும் சிலரிடம் கண்டறியப்பட்டது. ஆனால் அத்துண்டு இரட்டித்த பலர் வலிப்பின்றியே வாழ்கிறார்கள்.

ஆராய்ச்சியாளர் இன்று வந்தடைந்திருக்கும் கருத்தை நம் ஊர்க் குளத்தைக் கொண்டு விளக்கலாம். குளத்திற்குப் பல வாய்க்கால்கள் நீர் கொணர்கின்றன. ஒவ்வொன்றும் சிறிது. தந்தை வழி வாய்க்கால் சில, தாய் வழி வாய்க்கால் சில. அவை எல்லாம் சேர்ந்து குளம் நிறைந்திருக்கும் நிலையே நோய்க்கு இடந்தரும் இயல்பு. நிறைந்த குளமெல்லாம் உடைவதில்லை. அன்று பெய்த மழை, கரையின் உறுதி, கலிங்கின் உயரம் இவையும் பொருந்தினால்தான் நீர் கரை மீறுகிறது. அரிதாக, ஆறே திரும்பி வந்தாற்போல் ஒரு பெருங்கால் குளத்தில் பாய்வதும் உண்டு. கிரின் 2 ஏ அத்தகையது. குழந்தை வளரும்தோறும் மூளை முதிர்கிறது. ஆண்டுதோறும் மண்ணிட்டுக் கரையை உயர்த்துவது போன்றது அது. பதினாறு வயதில் கரை உயர்ந்துவிடுகிறது. வாய்க்கால்கள் அப்படியேதான் இருக்கின்றன. குளம் மட்டும் உடைவதில்லை.

ஆகவே, "குடிவழியில் வருமா?" என்ற வினாவிற்கு விடை: வருவது இடந்தரும் இயல்பு; நோய் அன்று.

'தீங்கற்றது' என்ற சொல்

நெடுங்காலம் மருத்துவர்கள் இதனைத் தீங்கற்ற குழந்தை வலிப்பு என்றே அழைத்தனர். அச்சொல்லால் பெற்றோர்க்கு ஆறுதல் கிடைத்தது. ஆனால் ஒரு தீங்கும் விளைந்தது. தீங்கற்றது என்று கேட்டவுடன் பிள்ளையின் படிப்பையும் பேச்சையும் கவனிப்பார் இல்லாமற் போயினர். இப்பிள்ளைகளுள் சிலர்க்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும், ஒலிகளைத் திருத்தமாகச் சொல்வதிலும், மனத்தை ஒருமுகப்படுத்துவதிலும் இடர்ப்பாடு உண்டு. 2007-இல் கிளார்க், ஸ்ட்ரக், பால் முதலியோர், படிக்கும் இடர்ப்பாடும் ஒலிப்பு இடர்ப்பாடும் இப்பிள்ளைகளிடம் மட்டுமன்றி, வலிப்பே வராத அவர்தம் உறவினரிடமும் மிகுந்து காணப்படுவதைக் காட்டினர். அந்த இயல்பும் ஓரளவு மரபின் பாற்பட்டதே.

ஆகவே பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2017-இல் 'தீங்கற்ற' என்னும் சொல்லைக் கைவிடப் பரிந்துரைத்தது. 2022-இல் 'தானே அடங்கும் வலிப்பு' என்னும் பொருள்படப் பெயரை மாற்றி அமைத்தது. 'தானே அடங்கும்' என்பது உண்மையைச் சொல்கிறது. 'தீங்கற்ற' என்பது சற்றுக் கூடுதலாகச் சொல்லிவிட்டது. வகுப்பில் பின்தங்கும் அப்பிள்ளையை மந்தன் என்று பெஞ்சின் மேல் நிறுத்தும் ஆசிரியர்க்கு இச்சொல்மாற்றம் போய்ச் சேர வேண்டும்.

மருந்து எல்லார்க்கும் வேண்டுவதில்லை. அரிதாக, இரவில் மட்டும் வந்தால் மருந்தின்றியே காத்திருப்பதும் உண்டு. அடிக்கடி வந்தால் மருந்து தருவதும் உண்டு. அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. தொடங்கிய மருந்தை நம் விருப்பப்படி நிறுத்துவது கேடு. இரவு கண்விழிப்பு வலிப்பைத் தூண்டும். ஆதலின் நல்ல உறக்கமும் ஒரு மருந்தே.

வலிப்பின்போது செய்ய வேண்டுவன

இதனை மாணவர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும். விடுதியில் என்றேனும் பயன்படும். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; எச்சில் வெளியே வழியட்டும். அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதேனும் வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் வேண்டாம். பல் உடையும், மூச்சு அடைக்கும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, தெளியுமுன் அடுத்தது வந்தாலோ உடனே மருத்துவமனை.

சாவிக்கொத்துக்கு வலிப்பை நிறுத்தும் ஆற்றல் இல்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டொரு நிமிடத்தில் தானே நிற்கும். அதற்குள் சாவியைத் தேடிக் கையில் வைக்கிறோம். நின்றதும் சாவிக்குப் பெயர் வருகிறது. அவ்வளவே.

பழி யாருடையது?

இனிப் பாட்டியின் கூற்றுக்கு வருவோம். "வந்தவள் கொண்டுவந்தது" என்றார். மேற்கண்ட பாடம் இதற்கு மூன்று விடைகள் தருகிறது. முதலாவது, பிள்ளையின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. வாய்க்கால்கள் இருபுறமிருந்தும் வருகின்றன. தாய்ப்புறத்தை மட்டும் குறைகூற அறிவியலில் இடமில்லை. இரண்டாவது, "எங்கள் குடியில் இல்லை" என்று எக்குடியும் சொல்ல இயலாது. நூற்றுக்கு இரண்டு மூன்று நலமான பிள்ளைகளிடமே வலிப்பலைகள் இருக்கின்றன. அவர்கள் உறங்கும்போது மின்வரைவு எடுத்துப் பார்த்தவர் யார்? பாட்டியே தம் எட்டு வயதில் முட்களோடு உறங்கியிருக்கலாம், அறிவதற்கு வழியில்லை. மூன்றாவது, கொடுத்தவர் எவராயினும் அவர் தேர்ந்து கொடுக்கவில்லை. தேர்வில்லாத இடத்தில் குற்றமில்லை.

தங்கையின் மணம்? அவளுக்கு வலிப்பு வந்ததில்லை. அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைக்கு இந்நோய் வரலாம் என்னும் ஐயம் மிகச் சிறிது. வரினும் வளரும் பருவத்தோடு அடங்குவது. இதற்காக ஒரு பெண்ணின் வாழ்வை நிறுத்திவைப்பது எவ்வகை நியாயம்?

சட்டமும் இவ்விடத்தில் ஒரு காலத்தில் தவறியது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு இந்துத் திருமணச் சட்டத்தில் மணத்திற்குத் தடையான நிலைகளுள் ஒன்றாகப் பித்தோடு சேர்த்து எழுதப்பட்டது. 1999-இல் நாடாளுமன்றம் இயற்றிய திருமணச் சட்டங்கள் திருத்தம் அச்சொல்லை நீக்கியது. இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு சொல் எத்தனை வீடுகளில் இருளைப் பரப்பியிருக்கும்! நூலில் அச்சொல் அழிந்துவிட்டது. வீட்டுத் திண்ணையில் இன்னும் அழியவில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். மறைப்பது வழியன்று. மறைக்கப்பட்ட செய்தி என்றேனும் வெளிப்படும்போது, நோயினும் பெரிதாக வளர்ந்து நிற்கும். அளவறிந்து சொல்லப்பட்ட உண்மையோ, கேட்பவர்க்கும் சிந்திக்க இடம் தருகிறது.

இவற்றை எல்லாம் நான் எடுத்துச் சொன்னபோது, நம் நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்ப அக்கா மேல தப்பில்லை, இல்லையா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்க விரும்பிய கேள்வி முதலிலிருந்தே அதுதான் என்று அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. மரபணுவும் முள்ளும் இரட்டையரும் பின்னவை. வாயடைத்து நிற்கும் தமக்கைக்கு ஒரு சொல் வேண்டும் என்பதே முன்னது.

அன்றிரவே தமக்கையின் கணவர்க்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். குளத்துக் கரை உவமையை அதில் சேர்த்துக்கொண்டார். பாட்டிக்குப் படித்துக் காட்டுமாறும் வேண்டியிருந்தார். சென்ற வாரம் பதில் வந்தது. சிறுவன் மீண்டும் பள்ளிக்குப் போகிறான். ஆசிரியரிடம் செய்தியைச் சொல்லிவைத்திருக்கிறார்கள். தங்கைக்குப் பேசிய இடத்தாரிடம் தந்தையே நேரில் சென்று உள்ளதை உள்ளபடி சொல்லி வந்திருக்கிறார்; அவர்கள் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் அன்றிரவு பேரனைத் தம் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாராம். சாவிக்கொத்து அலமாரியிலேயே இருந்ததாம்.

நம்முள் பலர் விடுமுறைக்கு ஊர் செல்லவிருக்கிறோம். நம் ஊர்களில் இத்தகைய வீடுகள் உண்டு. இத்தகைய தமக்கைமார் உண்டு. படித்தவற்றுள் ஒரு சிறு பகுதியை அவர்கள் முற்றத்திலே அமர்ந்து, அவர்கள் மொழியிலே எடுத்துச் சொன்னால், பல்கலைக்கழகத்தில் நாம் கற்ற கல்விக்கு அதனினும் நல்ல தேர்வு வேறில்லை.